பங்க் கிட்டாருக்கு எந்த ஆம்ப், எந்த பெடல்? மதுரைப் பக்கம் வாசிப்பவர்களின் அனுபவங்கள்

திருநகர், ரிதம் கிட்டார்

இங்கே புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், பங்க் (வேகமான, முரட்டுத்தனமான ராக் இசை) வாசிக்க எந்த டிஸ்டார்ஷன் பெடல், அதாவது கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்க காலால் அழுத்தும் பெட்டி, வாங்கலாம் என்று கேட்டு மூன்று பெயர்களைப் போட்டிருந்தார். மூன்றும் நல்ல பெடல்கள்தான். ஆனால் கையில் என்ன ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது, எங்கே வாசிக்கப் போகிறார், கூட டிரம்ஸ் உண்டா என்று ஒரு வரி இல்லை. நான் அந்த மூன்றையும்தான் முதலில் கேட்பேன். பெடலைப் பற்றி அப்புறம் பேசலாம்.

தம்பி, பழைய ஆட்கள் எதில் வாசித்தார்கள் என்று பாருங்கள். ராமோன்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1976-இல் வந்தது. ஜானி ராமோன் தோளில் மோஸ்ரைட் கிட்டார், முதுகுக்குப் பின்னால் சத்தமாக வைத்த மார்ஷல் ஆம்ப், காலடியில் ஒன்றும் கிடையாது. மிச்சமெல்லாம் வலது கை. மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே என்று டவுன் ஸ்ட்ரோக் மட்டுமே. அடுத்த வருஷம் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் ஆல்பம் வந்தது. அந்தக் கனமான கிட்டார் சத்தம், அவர்களின் ஸ்டீவ் ஜோன்ஸ் லெஸ் பால் கிட்டாரை ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் ஆம்பில் செருகி வாசித்தது. ட்வின் ரிவெர்ப் சுத்தமான சத்தத்துக்குப் பேர் போன ஆம்ப். அதில் இவ்வளவு கனம் வந்ததற்கு, ஸ்டூடியோவில் ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்து அடுக்கியது பெரிய காரணம். ஒரு பெடல் வாங்கி வீட்டில் அதைக் கொண்டுவர முடியாது. கிரீன் டே குழுவின் 1994 ஆல்பத்திலும் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் கெயின் (கரகரப்பின் அளவு) கூட்டி மாற்றியமைத்த மார்ஷல் ஆம்பைத்தான் வைத்திருந்தார். அந்த ஆம்பின் சத்தத்தை எம்எக்ஸ்ஆர் கம்பெனி பெடலாக விட்டது 2019-இல்.

இனி எங்கள் ரிகர்சல் ஷெட்டில் நடந்தது. தகரக் கூரை, சுவரில் பழைய கம்பளி, நடுவில் டிரம்ஸ். குழுவுக்குப் புதிதாக வந்த பையன் தன் சின்ன ஆம்பில் கெயின் முழுசு, பேஸ் (அடி ஒலி) முழுசு, ட்ரெபிள் (உச்ச ஒலி) முழுசு, மிட் (நடு ஒலி) பூஜ்யம் என்று வைத்திருந்தான். தனியாக வாசித்தபோது அருமையாக இருந்தது. டிரம்ஸ் ஆரம்பித்ததும் கிட்டாரைக் காணோம், இரைச்சல் மட்டும் வந்தது. கெயினைப் பாதிக்கும் கீழே இறக்கி, மிட்டை முக்கால்வாசிக்கு ஏற்றி, பேஸைக் குறைத்துக் கொடுத்தேன். வால்யூமைத் தொடவே இல்லை. பவர் கார்டின் (இரண்டு மூன்று கம்பியில் மட்டும் பிடிக்கும் கார்டு) சுரங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக வெளியே வந்தன, நிறுத்துகிற இடத்தில் பட்டென்று நின்றது. பங்க் பாட்டுக்கு அந்த நிறுத்தம் ரொம்ப முக்கியம். கெயின் அதிகமானால் நிறுத்தின பிறகும் இழுத்துக்கொண்டே போகும்.

காரணம் சுலபம். சத்தம் குறைவாக இருக்கும்போது அடி ஒலியும் உச்ச ஒலியும் காதுக்குக் குறைவாகத்தான் கேட்கும். அதனால் வீட்டில் அந்த இரண்டையும் ஏற்றி மிட்டை வெட்டினால் சுகமாக இருக்கும். குழுவோடு சேர்ந்தால் கீழே பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், மேலே சிம்பல் இருக்கும். கிட்டாருக்கு மிஞ்சுவது நடு. மாசி வீதியில் சாமி ஊர்வலம் வரும்போது மைக் இல்லாமலே நாதஸ்வரம் தெருக்கோடி வரை கேட்கிறதே, அதன் பலமும் அந்த நடுப்பகுதியில்தான்.

வாட்ஸ் பற்றியும் ஒன்று. நூறு வாட் ஆம்ப் பத்து வாட்டை விடப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று பலர் நினைக்கிறார்கள். காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள நாற்பது, ஐம்பது வாட் ஆம்ப் நம் ஊர் ரிகர்சலுக்கும் சின்ன மேடைக்கும் தாராளம்.

மேலூர், சவுண்ட் சர்வீஸ்

நான் கிட்டார் வாசிக்கிறவன் இல்லை, மைக் செட் போடுகிறவன். மேடைக்குக் கீழே நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி விழாக்களுக்குப் பையன்கள் வருவார்கள். ஆம்ப் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள், பஸ்ஸில் எப்படித் தூக்குவது? பெடல் மட்டும் பையில் இருக்கும். "அண்ணே, இதை அப்படியே மிக்ஸர்ல போட்டுருங்க" என்பார்கள். போட்டால் காதைக் கிழிக்கிற மாதிரி ஜ்ஜ்ஜ் என்று ஒரு சத்தம் வரும். கூட்டம் முகம் சுளிக்கும், பையன் என்னைப் பார்ப்பான்.

கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலும் பாடாது. டிஸ்டார்ஷனில் இருந்து வருகிற கூர்மையான அழுக்கையெல்லாம் அது தானாகவே அடக்கிவிடும். என் பாக்ஸில் உச்ச ஒலிக்கென்றே ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் இருக்கிறது, அது எல்லாவற்றையும் அப்படியே வெளியே துப்பும். அதனால் டிஸ்டார்ஷன் பெடலுக்கு அடுத்து கேபினட் சிமுலேஷன் (கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் போலவே சத்தத்தை அடக்குவது) உள்ள ஒரு பெடல் இருக்க வேண்டும். இப்போது வருகிற சின்ன மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகள் பலவற்றிலேயே அது உள்ளே இருக்கிறது. இல்லையென்றால் சின்ன ஆம்ப் ஒன்றைக் கொண்டுவாருங்கள், நான் முன்னால் ஒரு மைக் வைக்கிறேன். பதினைந்து வாட் ஆம்ப் போதும், கூட்டத்துக்குக் கேட்கவைப்பது என் வேலை. மைக்கை ஸ்பீக்கரின் நட்ட நடுவில் வைத்தால் கூர்மையாக இருக்கும், ஓரத்துக்கு நகர்த்தினால் மெத்தென்று வரும். அதைப் பையன்களே நகர்த்திக் கேட்டுப் பார்க்கலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

இன்னொன்று, இது உயிர் விஷயம். ஜெனரேட்டரில் ஓடுகிற மேடையில் எர்த் சரியாக அடித்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கிட்டார் கம்பியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடித்துப் பின்வாங்கின பாடகரை நான் பார்த்திருக்கிறேன். உம் என்ற இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரைச்சலுக்கு வேறு வழி இருக்கிறது. ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே லைனில் இருந்து எடுத்தாலே பாதி குறையும். சீரியல் செட் லைட் போகிற லைனில் கிட்டாரைச் சேர்க்கக் கூடாது.

சிம்மக்கல், ரேடியோ ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ்

மேலூர்க்காரர் எர்த் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

என்னிடம் வருகிற பெடல்களில் பாதி, அடாப்டரால் வந்தவை. பெரும்பாலான கிட்டார் பெடலுக்கு ஒன்பது வோல்ட், நடுவில் மைனஸ். கடையில் கிடைக்கிற சாதாரண அடாப்டரில் நடுவில் பிளஸ் இருப்பது சகஜம். மாற்றிச் செருகினால் சில பெடலில் காவலுக்குப் போட்ட டையோடு போகும். அது சில ரூபாய் சாமான், மாற்றிக் கொடுத்துவிடலாம். சிலதில் ஐசி வரை போய்விடும். பெடலின் முதுகிலோ பக்கவாட்டிலோ வட்டம் போட்டு குறி போட்டிருப்பார்கள், பார்த்துச் செருகுங்கள். அடாப்டரில் வருகிற கரண்ட் சுத்தமாக இல்லை என்றால் கெயின் ஏற்ற ஏற்ற உம் சத்தமும் சேர்ந்து ஏறும். பேட்டரி போட்டுப் பாருங்கள். உம் போய்விட்டால் குற்றம் அடாப்டர்மேல்தான்.

வீட்டு இன்வெர்ட்டரும் அப்படித்தான். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப் போட்டால் பின்னணியில் ஒரு கரகர இருந்துகொண்டே இருக்கும். சைன் வேவ் என்றால் அந்தத் தொல்லை கிடையாது. கிட்டாரில் கம்பியின் அதிர்வை எடுக்கிற பிக்கப் சிங்கிள் காயில் என்றால் சோக் போட்ட பழைய ட்யூப் லைட்டே போதும், அதுவும் இரையும். இரண்டு காயில் உள்ள ஹம்பக்கர் பிக்கப்பின் பெயரிலேயே 'ஹம்' இருக்கிறது, அந்த இரைச்சலை அடக்கத்தான் அது வந்தது.

வால்வு ஆம்ப் வாங்கலாமா என்று ஒரு பையன் கேட்டுக்கொண்டு வந்தான். வாங்கலாம். பழைய வால்வு ரேடியோவில் நான் மாற்றிப் போட்ட அதே ஈஎல் 84 வால்வுதான் வாக்ஸ் ஏசி 30 கிட்டார் ஆம்பில் நான்கு இருக்கிறது. ஈசிசி 83 வால்வும் அப்படியே, எனக்குப் பழகின சாமான். ஆனால் மூன்று விஷயம் மனதில் இருக்கட்டும். அமெரிக்காவில் இருந்து யாராவது கொண்டுவந்த ஆம்ப் 120 வோல்ட்டுக்கானது. நம் 230-இல் நேராகச் செருகினால் புகைதான், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட்டக் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். மூன்றாவது, பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சரில் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கும். நீங்களே திறந்து கை வைக்காதீர்கள், கொண்டுவாருங்கள்.

நாகமலை புதுக்கோட்டை, ஹாஸ்டல்

அண்ணன்களே, ஷெட்டும் மேடையும் இல்லாதவர்களும் இருக்கிறோம். என் அறையில் நான்கு பேர். மூன்று பேர் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஸ்பீக்கர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான் வைத்திருப்பது வாக்ஸ் ஆம்ப்ளக், கிளாசிக் ராக் மாடல். கிட்டார் ஜாக்கில் நேராகச் செருகி ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளலாம். சின்ன பேட்டரி இரண்டு. கெயினை நடுவுக்குக் கீழே வைத்து, பிரிட்ஜ் (கம்பி முடிகிற இடம்) பக்கத்துப் பிக்கப்பில் வாசித்தால் எனக்கு வேண்டிய சத்தம் கிடைக்கிறது. கிட்டாரின் வால்யூம் குமிழைக் கொஞ்சம் குறைத்தால் வரிகளுக்கு, முழுசாகத் திறந்தால் கோரஸுக்கு. தனியாக ஒரு பெடல் எனக்கு இதுவரை தேவைப்படவில்லை.

ஹெட்ஃபோன் ஒரு நல்லது செய்தது. டவுன் ஸ்ட்ரோக் எங்கே தளர்கிறது, இடது உள்ளங்கை எங்கே கம்பியைத் தேவையில்லாமல் தொடுகிறது என்று பளிச்சென்று கேட்கிறது. மெட்ரோனோமில் மெதுவாக ஆரம்பித்து, மணிக்கட்டு இறுகாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தேன். முழங்கையில் இருந்து அடித்தால் ஒரு பாட்டுக்குள் கை செத்துவிடும், மணிக்கட்டில் இருந்து வரவேண்டும். எட்டு ஸ்ட்ரோக்கும் ஒரே கனத்தில் விழும்போது வருகிற அந்த இடி, அதற்காகத்தான் நான் இந்த இசைக்கே வந்தேன். என் பாட்டுகள் எல்லாம் தமிழில், மூன்று கார்டில். பஸ் பாஸ், மெஸ் பில், வீட்டில் கேட்கிற கல்யாணப் பேச்சு. இந்த விஷயங்களைப் பாட இதைவிடப் பொருத்தமான சத்தம் எனக்குத் தெரியவில்லை.

பசுமலை, சர்ச் கொயர் கிட்டார்

மதுரையில் எலக்ட்ரிக் கிட்டாரைப் பலர் முதன்முதலில் தொட்டுப் பார்த்தது சர்ச்சில்தான் என்று நினைக்கிறேன். நானும் அப்படியே. ஞாயிறு காலை ஆராதனை, மாலை நண்பர்களோடு பங்க். அதனால் ஒரே ஆம்ப் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். பாஸ் கம்பெனியின் கட்டானா 50 ஆம்ப் வைத்திருக்கிறேன். ஐம்பது வாட்டை அரை வாட் வரை குறைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது, ராத்திரியில் வீட்டில் வாசிக்க அது பெரிய உதவி.

திருநகர் அண்ணன் பெடல் அப்புறம் என்கிறார். எனக்கு அதில் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. சொந்த ஆம்ப் இல்லாமல், போகிற இடத்தில் இருக்கிற ஆம்பில் வாசிக்கிறவனுக்கு, தன் சத்தத்தைக் கையோடு எடுத்துப் போக ஒரு பெடல் வேண்டும்தான். எதை எடுப்பது என்பதில்தான் விஷயம். பாஸ் டிஎஸ்-1 பெடல் 1978 முதல் வருகிறது, எங்கும் கிடைக்கும். அதன் டோன் குமிழ் மிட்டைக் கொஞ்சம் குழித்துவிடும். ஏற்கெனவே மிட் குறைந்த ஃபெண்டர் மாதிரி ஆம்பில் போட்டால் மெலிந்துவிடும், மார்ஷல் மாதிரி ஆம்பில் கச்சிதமாக உட்காரும். பாஸ் எஸ்டி-1-உம் ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமரும் இதற்கு நேர் எதிர். பேஸை வெட்டி மிட்டைத் தூக்கிக் கொடுப்பவை. கெயின் குறைவாக, லெவல் அதிகமாக வைத்து, ஏற்கெனவே கொஞ்சம் கரகரக்கிற ஆம்பில் செருகினால் அவ்வளவு தெளிவு. ப்ரோகோ ராட் இரண்டுக்கும் நடுவே, முரட்டுத்தனமானது. எனக்குப் பிடித்தது அதுதான். அதில் ஃபில்டர் குமிழ் மட்டும் தலைகீழ். வலப்பக்கம் திருப்பினால் ட்ரெபிள் குறையும். தெரியாமல் திருப்பிவிட்டு, பெடல் மந்தம் என்று விற்றவர்களிடம் இருந்துதான் என்னுடையதை வாங்கினேன்.

பல பெடல்களை அடுக்கிய பெரிய பெடல்போர்டு எல்லாம் பங்க்குக்கு வேண்டாம். ட்யூனர் ஒன்று கட்டாயம். டவுன் ஸ்ட்ரோக்கில் கம்பி சீக்கிரம் சுருதி விலகும். சுருதி விலகிய பவர் கார்டை எந்த ஆம்பும் காப்பாற்றாது.

கேள்வி கேட்ட தம்பி, வில்லாபுரம்

எல்லாருக்கும் நன்றி. என்னிடம் இருப்பது ஹம்பக்கர் போட்ட கிட்டார். ஆம்ப் இல்லை. நண்பன் டிரம்ஸ் கற்கிறான், அவன் வீட்டு மாடியில் வாசிக்கலாம் என்று யோசனை. கையில் இருக்கிற காசுக்கு ஒன்று ஆம்ப், இல்லையென்றால் நல்ல பெடல். இரண்டும் முடியாது.

திருநகர், ரிதம் கிட்டார்

ஆம்ப் வாங்குங்க தம்பி. டிரம்ஸ் இருக்கிறது என்று இப்போதுதான் சொன்னீர்கள், அதோடு முடிவாகிவிட்டது. செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பரவாயில்லை, பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், தனி மிட் குமிழ், கரகரப்பான சத்தத்துக்கு ஓவர்டிரைவ் சேனல், இந்த மூன்றும் இருக்கட்டும். வாங்கும் முன் எல்லாக் குமிழையும் திருப்பிப் பாருங்கள். கரகர என்றால் உள்ளே தூசி, விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஒருமுறை சிம்மக்கல் அண்ணனிடம் காட்டிவிட்டுக் காசு கொடுங்கள். பசுமலைக்காரர் சொன்ன எஸ்டி-1 அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

அதுவரை எங்கள் ஷெட்டுக்கு ஞாயிறு மாலை வாருங்கள், நண்பரையும் கூட்டி வாருங்கள். கிட்டாரும் ஒரு கேபிளும் போதும். ஆம்ப் இங்கே இரண்டு இருக்கிறது, இரண்டிலும் வாசித்துப் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்யுங்கள்.