மேய்க்கால் நிலத்தைப் பிரித்துத் தருவதாக ஓட்டுக் கேட்கிறார், நடக்குமா?

ராகிக்களி:
பெங்களூரு பொம்மனஹள்ளியில் 14 வருடமாக இருக்கிறேன், சொந்த ஊர் கிருஷ்ணகிரி பக்கம். ஊரில் 9 ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு இருக்கிறது, ஆடு மாடு மேயும், நடுவில் நாலு புளியமரம், அந்தப் புளியை வருடா வருடம் ஏலம் விட்டுத்தான் மாரியம்மன் பண்டிகைச் செலவு. 2019 டிசம்பரில் ஜெயித்தவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து பஞ்சாயத்து தனி அலுவலர் கைக்குப் போனதிலிருந்து கேட்க ஆளில்லை, மேற்கு ஓரத்தில் ஒருவர் கம்பி வேலி போட்டுத் தக்காளியே நட்டுவிட்டார். இப்போது தலைவருக்கு நிற்கப்போகிற இன்னொருவர், தன்னை ஜெயிக்க வைத்தால் ஆளுக்கு அரை ஏக்கர் பட்டா என்று வீடு வீடாகச் சொல்கிறாராம். அம்மா வேறு "நம்ம பேரையும் எழுதிக்கச் சொல்லிட்டேன்டா" என்கிறார்.

தாலுகாவாசல்:
நடக்காது. பட்டா கொடுப்பது வருவாய்த் துறை, தலைவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. தலைவர் காசோலை போடுவதற்கே துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும், இதில் ஊர் நிலத்தைப் பங்கு போடுவாராம்! 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் (பட்டியாலா பக்கம் ஊர்க் குளத்தை மூடி வீடு கட்டிய விவகாரம்) பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் போடச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முதலில் சர்வே எண்ணை வைத்து அ-பதிவேட்டை (எந்த நிலம் என்ன வகை என்று வருவாய்த் துறை எழுதி வைத்திருக்கும் பதிவேடு) ஆன்லைனில் எடுங்கள், இன்னும் மேய்க்கால் என்றுதான் இருக்கிறதா பாருங்கள். பாதிப் பேர் இதைப் பார்க்காமலே சண்டைக்குக் கிளம்புகிறார்கள்.

ஆனேக்கல்காரன்:
இங்கே இதற்குப் பெயர் கோமாளம். 100 மாட்டுக்கு 12 ஹெக்டேர் என்று கர்நாடக விதியிலேயே இருக்கிறது, மாடு குறைந்ததும் மிச்ச நிலம் உபரி என்று ஆகிவிடுகிறது. எங்கள் தெருப் பக்கம் இருந்த கோமாளத்தில் இப்போது புல்லைத் தேட வேண்டும். அது இருக்கட்டும், உங்கள் ஓட்டு எங்கே?

ராகிக்களி:
பெங்களூருக்கு மாற்றிவிட்டேன்.

தாலுகாவாசல்:
அப்போ கிராம சபையில் நீங்கள் உறுப்பினரே இல்லை, ஊர் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். அம்மாதான் எழுந்து பேச வேண்டும். வேலியை எடுக்கத் தீர்மானம் கேட்கச் சொல்லுங்கள், எழுதியதை வாசிக்க வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள், வெறும் பக்கத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் நிரப்புகிற ஊர்களும் உண்டு. தகவல் அறியும் உரிமை மனு மட்டும் நீங்கள் இங்கிருந்தே போடலாம்.

ராகிக்களி:
அ-பதிவேட்டில் மேய்க்கால் என்றுதான் இருக்கிறது. அம்மாவிடம் பேசினேன், பட்டா வராது என்றால் நம்பவே இல்லை, புளியமரமும் போய்விடும் என்றதும்தான் கொஞ்ச நேரம் பேச்சில்லை. மே 1 கிராம சபைக்கு ஓசூர் வழியாக பஸ் ஏறுகிறேன்.