விபத்தில் நாம் முதலிடம், சாவில் உ.பி. எப்படி?

கேள்வி: 2022 மத்திய அரசுக் கணக்கில் விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம், 64,105. சாவில் பார்த்தால் உ.பி. 22,595, நாம் 17,884. நாம் அவ்வளவு மோசமாகவா ஓட்டுகிறோம்?

பதில் 1: உ.பி.யில் மொத்த விபத்தே 41,746தான், அதில் பாதிக்கு மேல் சாவு என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? சின்ன அடிகள் அங்கே ஸ்டேஷனுக்கே போவதில்லை என்று நினைக்கிறேன். இங்கே இன்சூரன்ஸுக்காகவாவது எஃப்.ஐ.ஆர். போட்டுவிடுகிறோம்.

பதில் 2: 108 சீக்கிரம் வருவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 டிசம்பரில் வந்த திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிமாநிலத்துக்காரருக்கும்தான்.

பதில் 3: சரி, 17,884 மட்டும் சின்ன எண்ணா? உளுந்தூர்பேட்டை பக்கம் ராத்திரி வந்து பாருங்கள், யூ-டர்ன் ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஹெட்லைட் கூடப் போடாமல் ராங் சைடில் டிவிஎஸ் எக்ஸெல் வரும், பின்னால் புல்லுக்கட்டு, ஹெல்மெட் ஹேண்டில்பாரில் தொங்கும். அவரைத் திட்டி என்ன பிரயோஜனம், ஊரை ரெண்டாக வெட்டி ரோடு போட்டவர்கள் சப்வே போடவில்லையே.

கேள்வி கேட்டவர்: எங்கள் ஊரிலும் இதே கதைதான். சென்டர் மீடியனை உடைத்து அவர்களே வழி பண்ணிக்கொண்டார்கள்.