கேட்டு வாங்குவதா, பிடுங்குவதா?

நெடுவழி: "கண்டிப்பா வளர்த்தாத்தான் பிள்ளை உருப்படும், பாம்ரிண்ட் ஆராய்ச்சியே சொல்லுது. அதான் தினம் ராத்திரி மகன் போனை வாங்கிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் மேலே எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. 1960-களில் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் எழுதியது இதற்கு நேர்மாறு. அடக்கி வளர்ப்பது வேறு; காரணம் சொல்லி, பிள்ளையையும் பேசவிட்டு, அதே நேரம் சொன்ன சொல்லில் உறுதியாக நிற்பது வேறு. அவர் மெச்சியது இரண்டாவதை. போனைப் பிடுங்குவது இதில் எது?

கருங்குயில்: அந்த 'ஒருவர்' நான்தான், பேர் சொல்லியே எழுதலாம் சார். நான் பிடுங்கல. கேட்டு வாங்குறேன். அவனே மேசையில வச்சு லாக் எடுத்துத் தர்றான்.

நெடுவழி: "தர மாட்டேன்" என்று சொன்னால்?

அரைநிலா: பாம்ரிண்ட் முதலில் பார்த்தது நர்சரி வயசுப் பிள்ளைகளை. அதை வைத்துப் பதினாறு வயசுப் பையனைப் பற்றிச் சண்டையா?

நெடுவழி: அந்தப் பிள்ளைகளையே பதின்வயது வரை தொடர்ந்து பார்த்து 1991-ல் எழுதினார். பாதி படித்துவிட்டு வராதீர்கள். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் உளவியலாளர்கள் ஸ்டாட்டினும் கெர்ரும் செய்த ஆய்வு 2000-ல் வந்தது. பெற்றோருக்குத் தெரிந்திருந்ததில் பெரும்பகுதி பிள்ளைகள் தாமாகச் சொன்னது, துருவிப் பார்த்துக் கிடைத்ததல்ல. கருங்குயில், என் கேள்வி அப்படியே நிற்கிறது. "தர மாட்டேன்" என்றால்?

கருங்குயில்: நல்ல பிள்ளை தானா சொல்லும், மறைக்கிற பிள்ளை சொல்லுமா? என் மகன் போன்ல தப்பா ஒண்ணும் இருக்காது. ஒரு ஃப்ரெண்டோட சாட் எப்பவுமே காலியாத்தான் இருக்கும், அவ்வளவு சுத்தம்.

நெடுவழி: தினமும் பேசுகிற நண்பனோடு ஒரு வரிகூட இல்லையா? அழித்துவிட்டுத் தருகிறான் ஐயா! உங்கள் வீட்டில் அவன் கற்றது ஒழுக்கமல்ல, தடயம் இல்லாமல் செய்வது.

கருங்குயில்: என் மகனைத் திருடன்னு சொல்ற உரிமை உங்களுக்கு யார் கொடுத்தா? முதல்ல உங்களுக்குப் பிள்ளை இருக்கா?

அரைநிலா: பெற்றோரைவிடக் கூட்டாளிகள்தான் பிள்ளையை வார்க்கிறார்கள் என்று 1998-லேயே உளவியல் எழுத்தாளர் ஜூடித் ஹாரிஸ் வாதாடினார். இரண்டு பேரும் வீணாக மல்லுக்கட்டுகிறீர்கள்.

நெடுவழி: உடுப்பு, பேச்சு, பாட்டு எல்லாம் கூட்டாளியிடமிருந்து வரட்டும். பயந்தால் பொய் சொல்லலாம் என்பது வீட்டில் படிகிற பாடம். எனக்குப் பிள்ளை இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை. "தர மாட்டேன்" என்றால் என்ன நடக்கும்? மூன்றாம் முறை கேட்கிறேன்.

கருங்குயில்: அப்படிச் சொல்ல மாட்டான்.

நெடுவழி: சொல்ல முடியாது என்றால் அதற்குப் பெயர் கேட்டு வாங்குவதா?

கருங்குயில்: போன மாசம் மார்க் பத்தின விவாதத்துலயும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடிச்சுத் தொங்கினீங்க. அங்க நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.

நெடுவழி: அங்கே பதில் எழுதியாயிற்று. இரண்டாம் பக்கம், போய்ப் பாருங்கள்.

கருங்குயில்: பார்த்தேன். அது பதில் இல்ல.