வில்லிஸ் சட்டமா, ஃபோர்டு பாடியா? பார்த்துச் சொல்லுங்க

மன்னார்குடி பக்கம் கொட்டகையில் நிற்கும் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ரெண்டு கம்பெனியும் ஒரே மாதிரி செய்த வண்டி; சட்டம்னா சேஸிஸ். கிரில்லில் 9 துளை, அதனால் பிற்கால சிஜே (பொதுமக்களுக்கான ஜீப்) இல்லை. ரேடியேட்டருக்கு அடியில் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய். அப்போ சட்டம் வில்லிஸின் எம்பி மாடல். ஃபோர்டின் ஜிபிடபிள்யூ மாடல்னா அது கவிழ்த்த 'ப' மாதிரி இருக்கும். ஆனால் பாடி போல்ட் தலைகளில் ஃபோர்டின் 'எஃப்' முத்திரை! ரெண்டையும் கலந்து மாட்டியதுதான் என்பது என் கணிப்பு. இடது சட்டத்தின் உட்பக்கம் சேஸிஸ் நம்பர் தகடு போய், ரிவெட் துளைகள் மட்டும் இருக்கு.

தரைத்தகட்டுக்கு அடியில் உள்ள சேனலுக்குள் மரக்கட்டை ஊறி, தகடு பொரிப்பொரியா உதிருது. வயல் ஈரம் அப்படி. தகடு மட்டும் ஒட்டினால் மறுபடி அரிக்கும், கட்டையையும் எடுத்தாகணும்.

அண்ணன்மார்களே, தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் அந்தச் சேனலை வளைத்துத் தரும் பட்டறை எது? கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) இறங்குது. இடையிலுள்ள சீல் எங்கே கிடைக்கும்?