உதவி: மெக்னீசியம் ஆக்சைடின் வாய்பாடு ஐந்துக்கு நான்கு என்று வருகிறது

கொழிஞ்சாம்பாறை மாணவி: வெள்ளிக்கிழமை ரெக்கார்டு கொடுக்க வேண்டும், அவசரம். மெக்னீசியம் நாடாவைப் புடக்குகையில் (சூடுதாங்கும் சிறு பீங்கான் கிண்ணம்) எரித்து எளிய விகித வாய்பாடு காணும் சோதனை. நாடா 0.48 கிராம், ஏறிய எடை 0.26 கிராம். அணுக்களின் விகிதம் மெக்னீசியம் 1.23, ஆக்சிஜன் 1 என்று வருகிறது. நான்கால் பெருக்கினால் ஐந்துக்கு நான்கு! ஒன்றுக்கு ஒன்று அல்லவா வர வேண்டும், எங்கே பிழை?

வாளையார்வாசி: மூடியோடு எடுத்த எடையா? காலிப் புடக்குகை எவ்வளவு? அதை முதலில் காய்ச்சி ஈரம் போக்கினீர்களா? இல்லையென்றால் அந்த ஈரம்தான் கணக்கைக் கெடுத்திருக்கிறது.

மீனாட்சிபுரம் தம்பி: அக்கா, 1.23 கிட்டத்தட்ட 1 தானே? ஒன்றுக்கு ஒன்று என்று எழுதிவிடுங்கள்.

பழைய பியூரெட்: இரும்பின் காந்த ஆக்சைடில் இரும்பு 1-க்கு ஆக்சிஜன் 1.33 வரும். அதையும் ஒன்றாக்கிவிடுவாயா, தம்பி? பத்தாம் வகுப்புப் பாடத்தைத் திரும்பப் படித்துவிட்டுப் பதில் எழுது. மெக்னீசியம் 24 கிராம் ஒரு மோல், அதாவது அணுக்களை எண்ணும் அலகு; 0.48 கிராம் என்பது 0.02 மோல். முழுவதும் ஆக்சைடானால் 0.32 கிராம் ஏற வேண்டும். தராசின் கடைசி இலக்கம் ஆடினாலும் 0.06 குறையாது.

கோபாலபுரம் ஆசிரியர்: சாம்பலைக் கொட்டிவிட்டீர்களா, அம்மா? என்ன நிறம்? மூடியைச் சரியாகத் தூக்கிவிடாவிட்டால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, சூடான மெக்னீசியம் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும். எல்லாமே நைட்ரைடானால் ஏற்றம் 0.19 கிராம்தான். உங்கள் 0.26 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

கொழிஞ்சாம்பாறை மாணவி: கொட்டவில்லை சார். மேலே வெள்ளை, அடியில் பசுமஞ்சள். எல்லாம் மூடியோடு எடுத்த எடைதான்: காலி 28.45, நாடாவோடு 28.93, எரித்தபின் 29.19.

கோபாலபுரம் ஆசிரியர்: பசுமஞ்சள் நைட்ரைடின் நிறம். ஆறிய சாம்பலில் சில சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். நைட்ரைடு இருந்தால் அது ஹைட்ராக்சைடாக மாறி, அம்மோனியா நெடி வரும். கையால் விசிறி முகருங்கள், குனிந்து இழுக்காதீர்கள். மெல்லிய தீயில் நீரை வற்றவைத்து, பிறகு அடி சிவக்கக் காய்ச்சுங்கள். அந்த ஹைட்ராக்சைடும் நீரை விட்டு ஆக்சைடாகும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒத்துவரும்வரை நிறுத்த வேண்டாம்.

வாளையார்வாசி: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் வழியே வெண்புகையை அள்ளிப் போயிருந்தால்? அந்தப் புகையும் ஆக்சைடுதான். உப்புத்தாளால் நாடாவைத் தேய்த்தீர்களா என்றும் தெரியவில்லை.

மீனாட்சிபுரம் தம்பி: இவ்வளவு எதற்கு? ஏற்றம் 0.32 என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். எங்கள் வகுப்பில் எல்லோரும் அப்படித்தான்.

பழைய பியூரெட்: தராசு காட்டாத எண்ணை எழுதுவது பொய். விடை தெரிந்த சோதனையில் பொய் எழுதிப் பழகிய கை, தெரியாத சேர்மத்திலும் அதையே எழுதும்.

மீனாட்சிபுரம் தம்பி: 0.26 என்று எழுதினால் எங்கள் ஊரில் மதிப்பெண் வெட்டுகிறார்கள் ஐயா. அதற்கு யார் பொறுப்பு?

கோபாலபுரம் ஆசிரியர்: வெட்டுவது தவறு, தம்பி. 0.26 எழுதி, கீழே காரணத்தையும் எழுதியவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

கொழிஞ்சாம்பாறை மாணவி: நெடி வந்தது சார். இரண்டு முறை காய்ச்சியும் 29.24. ஏற்றம் 0.31, விகிதம் 1.03. இரண்டு எடைகளையும் ரெக்கார்டில் எழுதிவிட்டேன். நன்றி.

வாளையார்வாசி: மகிழ்ச்சி. காலிப் புடக்குகையைக் காய்ச்சினீர்களா என்று இன்னும் சொல்லவில்லையே?