இரண்டே ஓபராக்களில் நடித்த கேத்லீன் ஃபெரியர் எப்படி உலகப் பாடகி ஆனார்?

தென்றல்வாசி கேட்டது:

வணக்கம். கொஞ்ச நாளாக கேத்லீன் ஃபெரியரின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்டு வருகிறேன். பக்கவாத்தியமே இல்லாமல் அவர் பாடிய ஒரு வட இங்கிலாந்து நாட்டுப்பாடலில் ஆரம்பித்தது. அந்தக் கனத்த, தாழ்ந்த குரல் என்னை விடவில்லை. ஆனால் அவர் மேடையில் ஏற்ற ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) வேடங்கள் மொத்தமே இரண்டுதான் என்று படித்தேன். அப்படியானால் உலகம் முழுக்கப் பெயர் எப்படி வந்தது? பிழைப்பு எப்படி நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆழ்குரல் எழுதியது:

எனக்கு மிகவும் பிடித்த பாடகி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அவர் காண்ட்ரால்டோ, அதாவது பெண் குரல்களிலேயே மிகத் தாழ்ந்தது. ஓபராவில் கதாநாயகி பெரும்பாலும் சோப்ரானோதான், அதாவது மிக உயர்ந்த பெண் குரல். காண்ட்ரால்டோவுக்குத் தாய், செவிலி, சூனியக்காரி என்று ஓரத்து வேடங்களே மிஞ்சும். ஆரட்டோரியோவில் நிலைமை வேறு. வேடமும் காட்சியும் இல்லாமல், நின்றபடியே பைபிள் கதையைப் பாடுவது அது. ஹேண்டலின் 'மெசையா', மெண்டல்சோனின் 'எலைஜா', பாக்கின் பெரிய படைப்புகள் எல்லாவற்றிலும் தாழ்ந்த பெண் குரலுக்கு அருமையான பங்கு உண்டு. அன்றைய வட இங்கிலாந்தில் சின்ன ஊர்களில்கூடப் பாடகர் குழு இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் 'மெசையா' பாடுவார்கள், அதற்குத் தனிப்பாடகர்களை வெளியூரிலிருந்து கூப்பிடுவார்கள். நீங்கள் கேட்ட பிழைப்பு இங்கேதான் தொடங்குகிறது.

1912 இல் லங்காஷயரில் பிறந்தவர். 14 வயதில் பள்ளியை விட்டு பிளாக்பர்ன் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இசையில் அவருக்கு முதலில் பியானோதான். 1937 இல் கார்லைல் இசைப் போட்டிக்குப் பியானோ வாசிக்கப் பெயர் கொடுத்தபோது, பாட்டுப் போட்டியிலும் சேர மாட்டாய் என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்டினார். சேர்ந்தார், இரண்டிலுமே முதல் பரிசு. அப்புறம் போர் வந்தது. மக்களிடம் இசையைக் கொண்டுபோக அரசு ஆதரவோடு ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதற்காகத் தொழிற்சாலைகளிலும் சிற்றூர்களிலும் பாடினார். என்னைக் கேட்டால் அவருக்கு அதுதான் இசைக் கல்லூரி. களைத்துப் போய் உட்கார்ந்திருக்கும் தொழிலாளிக்கும் சொல் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். அவருடைய பதிவுகளில் ஒவ்வொரு சொல்லும் காதில் துல்லியமாக விழுவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இசைக்குழு நடத்துநர் மால்கம் சார்ஜென்ட் சொன்னதைக் கேட்டு 1942 இல் லண்டனுக்குக் குடிபோனார். அடுத்த மே மாதமே வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் 'மெசையா'. அங்கிருந்து வேகம் பிடித்தது. 1946 இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் புதிய ஓபராவில் லுக்ரீஷியா, 1947 இல் க்ளுக்கின் ஓபராவில் ஓர்ஃபியோ, இரண்டும் இங்கிலாந்தில் ஓபரா விழா நடக்கும் கிளைண்ட்போர்னில். நீங்கள் படித்த இரண்டு வேடங்கள் இவைதான். மேடையில் கையை எங்கே வைப்பது என்பதே அவருக்குச் சிரமமாக இருந்ததாம். ஆனால் லுக்ரீஷியாவாக ஆம்ஸ்டர்டாம் போனதுதான் அவருடைய முதல் வெளிநாட்டுப் பயணம். நெதர்லாந்து ரசிகர்கள் அதன் பிறகு அவரை விடவே இல்லை.

உண்மையான திருப்பம் நடத்துநர் ப்ரூனோ வால்டர். இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின் சீடர். நாஜிகளால் ஐரோப்பாவை விட்டே போக வேண்டி வந்தவர். இரண்டு பாடகர்களும் இசைக்குழுவும் சேர்ந்து வழங்கும் மாலரின் 'பூமியின் பாடல்' 1911 இல் ம்யூனிக்கில் முதன்முதலாக ஒலித்தபோது நடத்தியவரே அவர்தான். 1947 எடின்பரோ விழாவில், பிரிந்திருந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு மீண்டும் சேர்ந்து அதையே நடத்தியபோது ஃபெரியரைப் பாட வைத்தார். கடைசிப் பகுதியில் அழுகை முட்டி, முடிவுச் சொற்களை ஃபெரியரால் பாட முடியவில்லை. 1948 தொடக்கத்தில் நியூயார்க் கார்னகி ஹாலில் அறிமுகம், அதுவும் வால்டரோடு அதே மாலர்தான்! 1949 எடின்பரோவில் வால்டர் பியானோ வாசிக்க, ஷூபர்ட், ஷூமன், பிராம்ஸ் பாடினார். இவ்வளவு பெரிய நடத்துநர் ஒருவர் பாடகிக்குப் பக்கவாத்தியமாக உட்கார்கிறார் என்றால் அந்த மதிப்பை என்னவென்று சொல்ல!

பழையதட்டு எழுதியது:

விளக்கம் அருமை. ஆனாலும் ஒரு சந்தேகம். 41 வயதில் புற்றுநோயில் போய்விட்டார். அந்த இரக்கமும் சேர்ந்துதான் பெயரைப் பெரிதாக்கியதோ?

ஆழ்குரல் எழுதியது:

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நோய் தெரிய வந்தது 1951 இல். லுக்ரீஷியா அவரை மனதில் வைத்து எழுதப்பட்டது 1946 இல். லெனக்ஸ் பெர்க்லி அவிலாவின் புனித தெரேசாவின் கவிதைகளுக்கு இவருக்காக இசையமைத்தது 1947 இல். இசையமைப்பாளர்கள் ஒரு குரலைத் தேடி வந்து எழுதுவது இரக்கத்தினால் அல்ல.

நோய்க் காலத்தைப் பற்றிப் பேசினாலும் நான் பார்ப்பது வேலையைத்தான். 1953 பிப்ரவரியில் லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில், பார்பிரோலி நடத்த, மறுபடி ஓர்ஃபியோ. நான்கு காட்சிகள் திட்டம். இரண்டாவது காட்சியில் பாடிக்கொண்டிருக்கும்போதே தொடை எலும்பு முறிந்தது. மற்றவர்கள் அவரைச் சுற்றி நகர்ந்து நடிக்க, அவர் நின்றபடியே கடைசிவரை பாடி முடித்தார். பார்வையாளர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அதன் பிறகு அவர் மேடை ஏறவில்லை, அக்டோபரில் காலமானார். அன்று கைதட்டியவர்கள் பாட்டுக்காகத்தான் தட்டினார்கள்.

தென்றல்வாசி எழுதியது:

மிக்க நன்றி. அடுத்து எதைக் கேட்கலாம்?

ஆழ்குரல் எழுதியது:

1952 அக்டோபரில் நடத்துநர் ஏட்ரியன் போல்ட்டோடு பதிவான பாக், ஹேண்டல் பாடல்களை முதலில் எடுங்கள். நோயின் நடுவில் பாடியது, குரலில் தளர்ச்சியே இல்லை. அப்புறம் அதே ஆண்டு மே மாதம் வியன்னாவில் வால்டர் நடத்திய 'பூமியின் பாடல்'. அதன் கடைசிப் பகுதி மட்டுமே ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். வேறு வேலை செய்துகொண்டே கேட்காதீர்கள். பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஹெட்ஃபோனில் கேளுங்கள்.