முதன்முதலாக ஓடத் தொடங்குபவர் எந்த ஷூவை வாங்குவது?

நொய்யல்கரை:
வணக்கம். கோவை ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் தினமும் நடந்து வந்த நான், இப்போது இடையிடையே ஓடவும் தொடங்கியிருக்கிறேன். வயது நாற்பத்தைந்து, கால்வலி எதுவும் கிடையாது. நடப்பதற்கு வாங்கிய ஷூவையே போட்டு ஓடுவதால் பெருவிரல் முன்பக்கம் இடித்து, நகம் கறுத்துவிட்டது. கடைக்காரர் என் பாதத்தைப் பார்த்துவிட்டு, இது உள்வளைவு குறைந்த தட்டைப் பாதம், உட்பக்கம் கெட்டியான தாங்கு வைத்த ஷூதான் வாங்க வேண்டும் என்கிறார். இணையத்தில் பார்த்தால் எல்லோரும் ஷூவின் அடிப்பாகத்துக்குள் வைக்கும் விறைப்பான கார்பன் தகடு பற்றியே பேசுகிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

மெதுவோட்டம்:
நண்பரே, நகம் கறுத்திருக்கிறது என்றால் முதலில் கவனிக்க வேண்டியது அளவுதான். பாதம் பகல் முழுவதும் சற்று வீங்கும், ஓடும்போது இன்னும் வீங்கும் என்பதால், மாலையில் கடைக்குப் போங்கள். ஓடும்போது போடும் சாக்ஸையே எடுத்துச் செல்லுங்கள். இரண்டு பாதங்களும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரியதற்கு ஏற்றபடி வாங்க வேண்டும். எழுந்து நின்று பார்க்கும்போது, நீளமான விரலுக்கும் ஷூவின் முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி இருக்கட்டும். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அகலத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகல். அப்போது பலரும் ஒரு எண் கூட்டி வாங்கிவிடுகிறார்கள். நீளம்தான் அதிகமாகும், குதிகால் தளர்ந்து வழுக்கும். அதே எண்ணில் அகலப் பதிப்பைக் கேளுங்கள். ஆண்களுக்குப் பெரும்பாலும் 2E என்று குறித்திருக்கும். ஒரு நிறுவனத்தின் 9 இன்னொன்றின் 9 ஆகாது. ஆகவே முதல் ஷூவையாவது போட்டுப் பார்க்காமல் இணையத்தில் வாங்காதீர்கள்.

பாதப்பிணி:
தட்டைப் பாதம் என்ற ஒரே காரணத்துக்காக விலை கூடிய தாங்கு ஷூவை வாங்கியே ஆக வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்து பயிற்சி பெற்றவர்களிடம் நடத்திய ஆய்வுகளில், ஒரு பிரிவினருக்குப் பாத வளைவைப் பார்த்து ஷூ கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வளைவைப் பார்க்காமல் ஒரே வகையைக் கொடுத்தார்கள். காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 2015இல் கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக்கும் உடன் ஆய்வாளர்களும், ஓடுபவர் தமக்கு வசதியாக உணரும் ஷூவையே தேர்ந்தெடுக்கலாம் என்று வாதிட்டார்கள். உங்களுக்கு வலியும் இல்லை. நான்கைந்து ஜோடிகளைப் போட்டுக் கடைக்குள்ளேயே மெல்ல ஓடிப் பாருங்கள்.

செம்மண்பாதை:
மேலே சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் தாங்கு ஷூவை ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. 2016இல் வெளியான லக்ஸம்பர்க் ஆய்வில், 372 பேர் 6 மாதம் ஓடியதைக் கவனித்தபோது, பாதம் உட்பக்கம் அதிகம் சாய்பவர்களுக்குத் தாங்கு ஷூவில் காயம் குறைந்தது. எனவே போட்டுப் பார்க்கும் ஜோடிகளில் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். காலுக்கு இதமாக இருந்தால் வாங்குங்கள், விறைப்பாகக் குத்தினால் விட்டுவிடுங்கள்.

கார்பன் தகடு இப்போதைக்கு வேண்டாம். அது பந்தய வேகத்துக்காகச் செய்யப்பட்டது, விலையும் மிக அதிகம். சாதாரணப் பயிற்சி ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். அடிப்பாகம் தேயாமல் இருந்தாலும் நடுவிலுள்ள ஃபோம் அதற்குள் அமுங்கிவிடும் என்பதால், ஓடிய தூரத்தைக் குறித்து வையுங்கள்.

நொய்யல்கரை:
அனைவருக்கும் நன்றி. இன்சோலின்மேல் நின்று பார்த்ததில் என் பழைய ஷூ குறுகல் என்று தெளிவாகத் தெரிந்தது. இன்று மாலை கடையில் அகலப் பதிப்பு ஒன்று விரல்களுக்கு மிக இதமாக இருந்தது. இடது குதிகால் மட்டும் ஓடும்போது லேசாக எழும்புகிறது. வாங்கலாமா?

மெதுவோட்டம்:
கணுக்காலுக்குப் பக்கத்தில், பெரும்பாலும் காலியாக விடப்படும் கடைசித் துளை ஒன்று இருக்கும். இரு பக்கமும் லேஸை அந்தத் துளைக்குள் அதே பக்கமாகவே விட்டு, சிறு வளையமாக நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். அதன் பிறகும் குதிகால் எழும்பினால் அந்த ஜோடியை வாங்க வேண்டாம். வேறு நிறுவனத்தின் அகலப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.